லண்டனில் சின்ன கிளீனிங் கம்பெனி வைத்திருப்பவர் கவுன்சில், பள்ளி டெண்டர்களைப் பிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: லண்டனில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் கிளீனிங் கம்பெனி, இதுவரை தனியார் ஆபீஸ்களும் ஒன்றிரண்டு பல் மருத்துவமனைகளும்தான், இனி கவுன்சில், பள்ளி, லைப்ரரி என்று அரசு வேலைக்குப் போக வேண்டும். எங்கே தேடுவது, பெரிய கம்பெனிகளோடு மோத முடியுமா, "நிச்சயம் வாங்கித் தருகிறேன்" என்று ஒரு ஏஜென்ட் மூவாயிரம் பவுண்டு கேட்கிறார், கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். இங்கே யாராலும் "நிச்சயம்" என்று சொல்ல முடியாது. டெண்டர்களுக்கு மார்க் போடுகிற அதிகாரிகளை அந்த ஏஜென்ட் முறைகேடாக வளைக்கப் பார்த்தார் என்று தெரிந்தால், சட்டப்படி உங்கள் கம்பெனியையே போட்டியிலிருந்து விலக்க அது ஒரு காரணம் ஆகிவிடும். டெண்டர் எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள், அது நேர்மையான தொழில்தான், அவர்களுக்கு எழுதுவதற்குக் கூலி கொடுக்கலாம். வாங்கித் தருவதற்குக் கூலி கேட்பவர் வேறு ஆள்.

இனி எங்கே தேடுவது என்பது. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் இருந்தவரை பெரிய டெண்டர்கள் எல்லாம் லக்ஸம்பர்க்கிலிருந்து வரும் 'டெட்' தளத்தில் போய் விழும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 தொடக்கத்திலிருந்து, 'ஃபைண்ட் எ டெண்டர்' என்ற பிரிட்டனின் சொந்தத் தளம் அந்த இடத்தைப் பிடித்தது. 2025 பிப்ரவரி 24-ல் புரொக்யூர்மெண்ட் ஆக்ட் 2023 என்ற புதிய அரசுக் கொள்முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதையே பெரிதாக்கி, சின்ன டெண்டர்களும் அங்கேயே வருகிற மாதிரி செய்துவிட்டார்கள். அதற்கு முன் சின்னது எல்லாம் 'காண்ட்ராக்ட்ஸ் ஃபைண்டர்' தளத்தில் இருந்தது. பழைய சட்டத்தில் தொடங்கிய வேலைகள் இன்னும் அங்கே கிடக்கின்றன, அதனால் அதை முழுவதும் மறந்துவிட வேண்டாம். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், தனித் தளம். வேல்ஸுக்கு 'செல் டு வேல்ஸ்'. நீங்கள் லண்டன், அதனால் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

பதிவு இலவசம். கவ்.யுகே ஒன் லாகின் வைத்து உள்ளே போய் கம்பெனி விவரம், கம்பெனியைக் கட்டுப்படுத்துகிறவர்கள் யார், கணக்கு வழக்கு, விலக்கப்படக்கூடிய காரணங்கள் ஏதாவது உண்டா என்பதையெல்லாம் ஒரு தடவை நிரப்பி வைத்தால் போதும், ஒவ்வொரு டெண்டருக்கும் 'ஷேர் கோட்' என்று ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடலாம். முன்னெல்லாம் ஒரே கேள்வியை ஒவ்வொரு கவுன்சிலுக்கும் திரும்பத் திரும்ப நிரப்பிச் சாக வேண்டும். இதை இன்றைக்கே செய்து வையுங்கள். டெண்டர் முடிகிற நாளன்று உட்கார்ந்து, டைரக்டரின் விவரம் கம்பெனிகளின் அரசுப் பதிவேடான கம்பெனீஸ் ஹவுஸில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிப்பதைப் போல ஒரு எரிச்சல் கிடையாது.

ஆனால் ஒரு விஷயம், ஃபைண்ட் எ டெண்டரில் அறிவிப்பு மட்டும்தான் பல நேரம் இருக்கும். உண்மையான ஆவணங்கள், பதிலை ஏற்றும் இடம் எல்லாம் ஒவ்வொரு கவுன்சிலும் வைத்திருக்கும் போர்ட்டலில். புரொகாண்ட்ராக்ட், இன்-டெண்ட், டெல்டா, ஜாகர், ஆடமிஸ் என்று பல உண்டு. லண்டன் கவுன்சில்கள் பல 'லண்டன் டெண்டர்ஸ் போர்ட்டல்' வழியாக வாங்குகின்றன. நீங்கள் வேலை பார்க்கக்கூடிய ஐந்தாறு கவுன்சில்களை முதலில் முடிவு பண்ணி, அவர்கள் எந்தப் போர்ட்டல் என்று பார்த்து அங்கெல்லாம் பதிந்துவையுங்கள். இதுவும் இலவசம். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: சின்ன வேலைகளுக்கு எல்லோருக்கும் அறிவிக்காமல், போர்ட்டலில் பதிந்திருப்பவர்களில் மூன்று பேரைக் கூப்பிட்டு கொட்டேஷன் கேட்பது சாதாரணமாக நடக்கும். அந்தப் பட்டியலில் இல்லாதவருக்கு அந்த வேலை இருந்ததே தெரியாது.

அலர்ட் வைக்கும்போது சி.பி.வி. எண்கள் கேட்கும். ஒவ்வொரு பொருளுக்கும் சேவைக்கும் எட்டு இலக்க எண், ஐரோப்பா முழுக்க ஒன்றே. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டன் அதை விடவில்லை. பொதுவான கிளீனிங் 90910000, ஆபீஸ் 90919200, பள்ளிக்கூடம் 90919300, ஜன்னல் 90911300. எண்ணை மட்டும் நம்பாதீர்கள், போடுகிறவர்கள் தப்பாகவும் போடுவார்கள். 'கேர்டேக்கிங்', 'சாஃப்ட் எஃப்எம்', 'ஃபெசிலிட்டீஸ் மேனேஜ்மெண்ட்' என்ற வார்த்தைகளையும் தேடலில் சேருங்கள். பணம் வாங்கிக்கொண்டு அலர்ட் அனுப்பும் தளங்களும் நிறைய உண்டு. முதல் வருடத்தில் உங்கள் அளவுக்கு அது தேவையே இல்லை.

இதுவரை சொன்னதை யார் வேண்டுமானாலும் ஒரு சாயங்காலத்தில் செய்துவிடலாம். எல்லோரும் செய்கிறார்கள், அதனால்தான் ஒரு சாதாரண ஆபீஸ் கிளீனிங் டெண்டருக்குக் கூட்டம் கூடுகிறது. டெண்டர் அறிவிப்பு கண்ணில் படும்போது பாதி ஆட்டம் முடிந்துவிட்டது என்பதுதான் என் கருத்து. எல்லா ஆவணமும் ஆரம்பத்திலேயே கிடைக்கிற சாதாரணப் போட்டிக்குக் குறைந்தபட்ச அவகாசம் 25 நாள்தான். முன்கூட்டியே முறைப்படி திட்ட அறிவிப்பு கொடுத்திருந்தால் பத்து நாள்கூடப் போதும் என்கிறது சட்டம். ஏற்கெனவே அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவனுக்கு எத்தனை டாய்லெட், எந்த மாடியில் கார்பெட், யார் சாவி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். உங்களுக்கு அந்த 25 நாளில்தான் தெரியவரும்.

அதனால் முன்னால் போக வேண்டும். புதிய சட்டத்தில் அறிவிப்புகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள், யுகே1, யுகே2 என்று. டெண்டர் அறிவிப்பு யுகே4. அதற்கு முன்னால் வருகிற மூன்றும்தான் உங்களுக்கு முக்கியம். யுகே1 பைப்லைன்: வருடத்துக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவழிக்கும் அமைப்புகள், அடுத்த 18 மாதத்தில் வரப்போகும் 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட காண்ட்ராக்ட்களை முன்னாலேயே சொல்ல வேண்டும். அந்த அளவு வேலை உங்களுக்கு இப்போது கிடைக்காது, ஆனால் அதை எடுக்கப் போகிற பெரிய கம்பெனிக்கு சப்-காண்ட்ராக்டராகப் போகலாம். யுகே2 என்பது "டெண்டர் போடுவதற்கு முன் சந்தையோடு பேசப் போகிறோம்" என்ற அறிவிப்பு. இது வந்தால் கட்டாயம் போங்கள். ஆன்லைனில் ஒரு மணி நேரக் கூட்டமாகத்தான் இருக்கும். வேலையை இடவாரியாகப் பிரித்துச் சின்னச் சின்ன லாட்டாக விடுங்கள், எங்களைப் போன்றவர்கள் அப்போதுதான் வர முடியும் என்று அங்கே சொல்லலாம். சட்டத்தின் 12-வது பிரிவு சின்ன கம்பெனிகளுக்கு உள்ள தடைகளை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று வாங்குகிற அமைப்புக்கே சொல்கிறது, அதனால் நீங்கள் அப்படிக் கேட்பது சலுகை கேட்பது இல்லை. யுகே3 என்பது திட்டமிட்ட கொள்முதல் அறிவிப்பு, அதைப் பார்த்த உடனே தயாராக ஆரம்பித்துவிடலாம்.

இதைவிடவும் நல்ல வழி ஒன்று இருக்கிறது, பெரும்பாலானவர்கள் சோம்பல்பட்டு விட்டுவிடுவது. இங்கிலாந்தில் கவுன்சில்கள் 500 பவுண்டுக்கு மேலான ஒவ்வொரு செலவையும் வெளியிட வேண்டும், 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட காண்ட்ராக்ட்களின் பட்டியலையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். கவுன்சில் வெப்சைட்டில் 'டிரான்ஸ்பரன்சி' பக்கத்தில் எக்செல் ஃபைலாகக் கிடைக்கும். திறந்து 'கிளீனிங்' என்று தேடினால் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு போகிறது, எப்போது முடிகிறது என்று தெரிந்துவிடும். தேதி இல்லையா, ஃப்ரீடம் ஆஃப் இன்ஃபர்மேஷன் (எஃப்.ஓ.ஐ.) என்ற தகவல் அறியும் சட்டத்தில் ஒரு ஈமெயில் போடுங்கள்: இப்போதைய கிளீனிங் காண்ட்ராக்ட் யாரிடம், வருடத்துக்கு எவ்வளவு, எப்போது முடிகிறது, நீட்டிக்க வழி உண்டா, எத்தனை கட்டடம். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். மணிக்கு என்ன ரேட் என்று கேட்டால் வியாபார ரகசியம் என்று மறுக்க வாய்ப்புண்டு, மொத்தத் தொகையும் முடிவுத் தேதியும் பெரும்பாலும் கிடைத்துவிடும். இப்படி ஐந்து கவுன்சில், முப்பது நாற்பது காண்ட்ராக்ட் என்று ஒரு பட்டியல் போட்டு முடிவுத் தேதிப்படி வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால், காத்திருந்து அறிவிப்பைப் பார்ப்பவர்களைவிட எட்டு மாதம் முன்னால் இருப்பீர்கள். பள்ளிகளுக்கும் இதே சட்டம் பொருந்தும், ஆனால் ஒரு ஆரம்பப் பள்ளியின் ஆபீஸில் இருக்கும் ஒரே அம்மாவுக்கு எடுத்த எடுப்பில் எஃப்.ஓ.ஐ. அனுப்பி ஆரம்பிப்பது நல்ல அறிமுகம் இல்லை.

பள்ளிகள் தனிக் கதை, உங்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான். தொகையைப் பொறுத்துத்தான் விதிகள். கவுன்சில், பள்ளி போன்ற அமைப்புகளுக்குச் சேவை காண்ட்ராக்ட்டில் முழுச் சட்டம் பொருந்தும் எல்லை 2026 ஜனவரி 1 முதல் 2,07,720 பவுண்டு, மத்திய அரசுத் துறைகளுக்கு 1,35,018. இரண்டும் வாட் சேர்த்து, நீட்டிப்பு வருடங்களையும் சேர்த்து. மாதம் நாலாயிரம் பவுண்டு வாட்டோடு போகிற ஒரு வேலை மூன்று வருடம், அப்புறம் ஒன்று, இன்னும் ஒன்று என்று ஐந்து வருடமானால் 2,40,000 ஆகி எல்லையைத் தாண்டிவிடும், பார்க்கச் சின்ன வேலையாக இருந்தாலும். எல்லைக்குக் கீழே, 30,000 பவுண்டிலிருந்து மேலே, கவுன்சில் பொதுவில் விளம்பரம் செய்வதாக இருந்தால் தேசியத் தளத்திலும் போட வேண்டும். பள்ளிகளுக்கு இந்தக் கீழ் எல்லை விதி பொருந்தாது. அதாவது ஒரு ஆரம்பப் பள்ளியின் இரண்டு வருடக் கிளீனிங் வேலை எந்தத் தளத்திலும் வராமலே, மூன்று கொட்டேஷன் வாங்கி முடிந்துவிடும், அது சட்டப்படியும் சரி. ஆக, பள்ளியின் 'பிசினஸ் மேனேஜர்' என்ற ஆளை நேராகத் தொடர்பு கொள்ள வேண்டும். பல பள்ளிகளை ஒன்றாக நடத்தும் அகாடமி டிரஸ்ட்களில் இதற்கென்றே 'எஸ்டேட்ஸ்' மேனேஜர் இருப்பார். புது வருட ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செப்டம்பரிலோ ஏப்ரலிலோ தொடங்கும் என்பதால் அதற்கு நாலைந்து மாதம் முன்னால் போய்ப் பாருங்கள். முதல் இரண்டு பள்ளி கிடைத்தால் அதுவே கவுன்சில் டெண்டரில் காட்ட ரெஃபரன்ஸ். இல்லாவிட்டால் "அரசுத் துறை அனுபவம் உண்டா" என்ற கேள்வியில் பல் மருத்துவமனையை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பெரியவர்களோடு மோத முடியுமா என்று கேட்டீர்கள். எல்லா இடத்திலும் முடியாது, எந்த இடத்தில் கூடாது என்று தெரிந்தால் போதும். ஆவணம் கையில் வந்ததும் எழுத ஆரம்பிக்காதீர்கள், முதலில் நிராகரிக்கக் காரணம் தேடுங்கள். வருட வருமானம் காண்ட்ராக்ட் மதிப்பைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்கிறதா? உங்களால் முடியாவிட்டால் அங்கேயே மூடிவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 9001 தரச் சான்றிதழ் கட்டாயமா, 'அல்லது அதற்கு இணையானது' என்று இருக்கிறதா? பின்னது என்றால் உங்கள் சொந்தத் தர முறையை எழுதிக் காட்டலாம். விலைக்கு எத்தனை சதவீதம்? 70 என்றால் அது ரேட்டைக் குறைத்து அடித்துக்கொள்ளும் இடம், பெரிய கம்பெனி ஒரு வருடம் நஷ்டத்திலும் ஓட்டும், உங்களால் ஓட்ட முடியாது. தரத்துக்கு 60 என்றால் பாருங்கள். நாற்பது கட்டடம் ஒரே லாட்டில் என்றால் விடுங்கள். மூன்று லைப்ரரியும் ஒரு கம்யூனிட்டி ஹாலும் தனி லாட் என்றால் எடுங்கள்.

சின்ன கம்பெனிகள் பலர் பயந்து ஒதுங்கும் இரண்டு விஷயத்தில் புதிய சட்டம் உங்கள் பக்கம். இன்ஷூரன்ஸை டெண்டர் போடும்போதே வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது, கிடைத்தால் எடுக்கிறேன் என்று உறுதி சொன்னால் போதும். ஆடிட் செய்த கணக்கு வேண்டும் என்று, கம்பெனிச் சட்டப்படி ஆடிட் தேவையில்லாத சின்ன கம்பெனியிடம் கேட்கவும் கூடாது. ஆவணத்தில் பழைய டெம்ப்ளேட்டைக் காப்பி பண்ணி அப்படிப் போட்டிருந்தால் கேள்வி நேரத்தில் மரியாதையாகச் சுட்டிக்காட்டுங்கள், மாற்றுவார்கள். ஆட்கள் வைத்திருக்கிறவர்கள் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்பது டெண்டருக்கு வெளியேயும் உள்ள சட்டம், அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். பள்ளி என்றால் எல்லோருக்கும் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் செக், கெமிக்கல்களுக்கு 'காஷ்' என்ற ஆபத்து மதிப்பீடு, ஹெல்த் அண்ட் சேஃப்டி பாலிசி. இவற்றைக் கடைசி நேரத்தில் தேடாமல் ஒரு ஃபோல்டரில் புதுப்பித்து வைத்திருங்கள்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது, கிளீனிங் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் அடிபடும் இடம்: 'டூபி' என்று கூப்பிடும் 2006-ஆம் வருட ஊழியர் மாற்ற விதிகள். ஒரு கட்டடத்தைச் சுத்தம் செய்யும் வேலை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், அங்கே வேலை செய்யும் ஆட்களும் அவர்களுடைய சம்பளம், லீவு, சர்வீஸ் எல்லாவற்றோடும் உங்களிடம் வந்துவிடுவார்கள். உங்கள் ஆட்களை அங்கே போட்டுக் குறைந்த ரேட்டில் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். பதினைந்து வருட சர்வீஸ் உள்ள ஒருவரை வேலையைவிட்டு நிறுத்த வேண்டி வந்தால் அந்த ரிடண்டன்சி பணமும் உங்கள் தலையில். டெண்டர் ஆவணங்களோடு பெயர் இல்லாத ஊழியர் பட்டியல் ஒன்று வர வேண்டும்: மணி நேரம், ரேட், வேலைக்குச் சேர்ந்த தேதி, பென்ஷன். வரவில்லை என்றால் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். பழைய கம்பெனி சட்டப்படி முழு விவரம் தர வேண்டியது மாற்றத்துக்கு 28 நாள் முன்னால்தான், அது விலை போடுவதற்கு மிகவும் லேட். அந்தப் பட்டியலில் யாராவது முன்பு கவுன்சில் ஊழியராக இருந்து உள்ளாட்சிப் பென்ஷன் திட்டத்தில் இருந்தால் நின்று யோசியுங்கள். அதற்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கு சாதாரண 3 சதவீதத்தைப் போலப் பல மடங்கு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீட்டில் மாறவும் செய்யும். அந்த ரிஸ்க் யாருக்கு, கவுன்சிலுக்கா உங்களுக்கா, எழுத்தில் பதில் வராமல் விலை போடாதீர்கள். அந்த ஒரு வரி பதில் வராததற்காகவே நல்ல வேலை ஒன்றை விட்டுவிடுவதிலும் தப்பில்லை.

விலைக் கணக்கைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் தனியார் ஆபீஸுக்கு "மணிக்கு பதினெட்டு" என்று வாயால் சொல்லிப் பழகினவர்கள் இங்கே அதே மாதிரி போட்டுவிடுகிறார்கள். 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 15 மணி நேரம் வேலை செய்யும் ஒரு பகுதிநேர ஆள்: வருடத்துக்கு 780 மணி, 9,914 பவுண்டு. அவருக்கு 5.6 வாரச் சம்பள லீவு உண்டு, அந்த வாரங்களில் டாய்லெட் தானாகச் சுத்தமாகாது, இன்னொருவர் வர வேண்டும், அதற்கு 1,068. வருடத்துக்கு 5,000-க்கு மேலான சம்பளத்துக்கு முதலாளி கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் 15 சதவீதம், 737. மொத்தம் 11,719, அதாவது மணிக்கு 15.02. மெஷின், கெமிக்கல், யூனிஃபார்ம், சூப்பர்வைசர், உடம்பு சரியில்லாத நாள்கள், இன்ஷூரன்ஸ், லாபம் எதுவும் இன்னும் சேரவில்லை. சின்ன கம்பெனிக்கு எம்ப்ளாய்மெண்ட் அலவன்ஸ் என்று வருடம் 10,500 பவுண்டு வரை நேஷனல் இன்ஷூரன்ஸில் கழிவு இருக்கிறது, அது உங்கள் இப்போதைய ஆட்களுக்கே செலவாகிவிட்டது என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். லண்டனில் பல கவுன்சில்கள், வாழ்க்கைச் செலவை வைத்துக் கணக்கிடும் 'லண்டன் லிவிங் வேஜ்' என்ற அதிக ரேட் கட்டாயம் என்று எழுதியிருப்பார்கள். 2025 அக்டோபரில் அறிவித்த அந்த ரேட் 14.80. அதே ஆளுக்கு அதே கணக்கைப் போட்டால், இப்போது வருடம் 10,000-ஐத் தாண்டுவதால் பென்ஷனும் சேர்ந்து, மணிக்கு ஏறத்தாழ 17.86 வந்து நிற்கும்.

அப்புறம் அடுத்த ஏப்ரல் என்ன ஆகும்? சம்பளம் ஏறும். காண்ட்ராக்ட்டில் விலையை ஏற்ற வழி இருக்கிறதா, சி.பி.ஐ. விலைவாசிக் குறியீட்டோடு கட்டியிருக்கிறார்களா, "முதல் இரண்டு வருடம் விலை மாறாது" என்கிறார்களா என்பதை முதல் வாசிப்பிலேயே தேடுங்கள். மாறாது என்றால் அந்த ஏற்றத்தை இன்றைய விலைக்குள்ளேயே வைத்தாக வேண்டும். ரொம்பக் குறைத்துப் போட்டாலும் ஆபத்து, சந்தேகத்துக்குரிய அளவு குறைவு என்று பட்டால் விளக்கம் கேட்பார்கள், விளக்க முடியாவிட்டால் தள்ளலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

மார்க் எப்படி விழுகிறது என்று புரிந்துகொண்டால் எதில் நேரம் போட வேண்டும் என்பதும் புரியும். விலைக்கு 40 மார்க், குறைந்த விலைக்கு முழு மார்க், மற்றவர்களுக்கு விகிதப்படி என்பது மிகச் சாதாரணமான சூத்திரம். ஒருவர் 80,000 போடுகிறார், நீங்கள் 88,000. உங்களுக்கு 36.4. பத்து சதவீதம் அதிகம் கேட்டும் இழந்தது 3.6 மார்க்தான். இன்னொரு பக்கம், 10 மார்க் உள்ள ஒரே ஒரு தரக் கேள்வியில் ஐந்துக்கு மூன்று வாங்கும் பதிலை ஐந்துக்கு ஐந்து ஆக்கினால் 4 மார்க் ஏறும். ராத்திரி உட்கார்ந்து விலையில் ஐம்பது பவுண்டு, நூறு பவுண்டு என்று சுரண்டுவதைவிட அந்தப் பதிலைத் திருத்தி எழுதலாம்.

எழுதும்போது, கேள்வியில் என்ன கேட்டார்களோ அதே வரிசையில் பதில். "ஆட்கள் வராத நாளில் என்ன செய்வீர்கள், எப்படிக் கண்காணிப்பீர்கள், எப்படித் தகவல் சொல்வீர்கள்" என்று மூன்று இருந்தால் மூன்று தலைப்பு. எங்கள் கம்பெனி தரத்துக்குப் பெயர்பெற்றது என்று ஆரம்பிக்கும் பத்திக்கு மார்க் பூஜ்யம், வார்த்தை வரம்பு மட்டும் கரையும். காலை 5.30-க்கு ஆள் வரவில்லை என்றால் சூப்பர்வைசருக்கு எப்படித் தெரியும், பதில் ஆள் எத்தனை நிமிடத்தில் எங்கிருந்து வருவார், பள்ளி திறப்பதற்கு முன் யார் யாரிடம் போன் பண்ணுவார் என்று எழுதுங்கள். ஒரு டிரஸ்ட் மேனேஜருக்கு இதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். உங்கள் பக்கத்துத் தெருவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பெரிய கம்பெனியிடம் இல்லாத பலம், அதைச் சொல்லத் தயங்காதீர்கள், ஆனால் கேள்விக்குப் பதிலாகச் சொல்லுங்கள். 'சோஷியல் வேல்யூ' என்று 10 சதவீதமோ மேலேயோ ஒரு பகுதி இருக்கும், அந்தப் பகுதி மக்களுக்கு என்ன செய்வீர்கள் என்று. அங்கே "பத்து அப்ரண்டிஸ்" என்று வாய்க்கு வந்ததை எழுதாதீர்கள், அது காண்ட்ராக்ட்டில் ஏறிவிடும், பிறகு எங்கே என்று கேட்பார்கள். ஒரு உள்ளூர் ஆளை வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுப்பேன், எந்த மாதத்துக்குள், யார் மூலமாக என்று எழுதினால் அதற்கே நல்ல மார்க் கிடைக்கும்.

சந்தேகக் கேள்விகளைப் போர்ட்டலில் மட்டும் கேளுங்கள், கவுன்சிலில் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். பதில் எல்லாப் போட்டியாளர்களுக்கும் பெயர் போடாமல் போகும் என்பதால் உங்கள் யுக்தி வெளியே தெரிகிற மாதிரி கேட்காதீர்கள். கட்டடத்தைப் பார்க்க நாள் கொடுத்திருந்தால் கட்டாயம் போங்கள். கடைசித் தேதி பகல் 12 மணி என்றால் போர்ட்டல் 12-க்கு மூடிக்கொள்ளும், யாரும் இரக்கப்பட மாட்டார்கள், முந்தின நாளே ஏற்றிவிடுங்கள்.

முடிவு வரும்போது எல்லைக்கு மேலான டெண்டர்களில் 'அசெஸ்மெண்ட் சம்மரி' ஒன்று வரும், ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் மார்க், ஏன் அந்த மார்க், ஜெயித்தவர் மார்க். தோற்றவர்களில் பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை, ஆச்சரியமாக இருக்கும். அடுத்த டெண்டருக்கு உங்கள் பதில்களைத் திருத்த இதைவிட நல்ல இலவசப் பாடம் கிடையாது. அறிவிப்பு வந்த பிறகு 8 வேலை நாள் நிறுத்தி வைத்துத்தான் ஒப்பந்தம் போட வேண்டும். நிஜமாகவே அநியாயம் நடந்திருந்தால் அதற்குள் வழக்குப் போட்டால் ஒப்பந்தம் தானாக நின்றுபோகும், பொதுவாக வழக்குக்கு 30 நாள் எல்லை. ஆனால் அது ஹை கோர்ட், உங்கள் வேலையின் மொத்த லாபத்தைவிட வக்கீல் செலவு அதிகமாகிவிடும். மார்க்குக் கூட்டலில் தப்பு போன்ற வெளிப்படையான விஷயம் என்றால் எட்டு நாளுக்குள் ஒரு நிதானமான கடிதம் போடுங்கள், சில நேரம் அதுவே வேலை செய்யும்.

ஃப்ரேம்வொர்க், டைனமிக் மார்க்கெட் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் பட்டியலில் சேருவது, பிறகு பட்டியலில் இருப்பவர்களுக்குள் மினி போட்டி. டைனமிக் மார்க்கெட்டில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், அதனால் உங்களுக்கு அது நல்லது. ஃப்ரேம்வொர்க்கில் இடம் கிடைத்தால் வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து வேன் வாங்கிவிடாதீர்கள், பட்டியலில் இருந்துகொண்டே நாலு வருடம் ஒரு வேலையும் வராமல் போனவர்கள் ஏராளம்.

வேலை கிடைத்த பிறகு பணம். அரசு காண்ட்ராக்ட்களில், பள்ளிகள் போடுபவை தவிர, சரியான இன்வாய்ஸ் வந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் எழுதியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், பெரிய கம்பெனிக்குக் கீழே சப்-காண்ட்ராக்ட்டாகப் போனாலும் அதே 30 நாள். 2018 ஜனவரியில் அரசு காண்ட்ராக்ட்களை எடுத்து நடத்திய கரில்லியன் என்ற பெரிய கம்பெனி திவாலாகி விழுந்தபோது கீழே இருந்த சின்ன கம்பெனிகள் மாதக்கணக்கில் பணம் வராமல் மாட்டிக்கொண்டதை இந்தத் தொழிலில் உள்ள யாரும் மறக்கவில்லை. 'சரியான இன்வாய்ஸ்' என்பதில்தான் சிக்கல்: பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாத இன்வாய்ஸைக் கணக்குப் பிரிவு தொடவே தொடாது, 30 நாளும் ஓட ஆரம்பிக்காது. வேலை தொடங்கும் தேதிக்கு முன்பே அந்த எண்ணைக் கையில் வாங்குங்கள், வாங்கும்போதே இன்வாய்ஸ் எந்த ஈமெயிலுக்கு, கட்டடத்துக்கு ஒன்றா மொத்தமாக ஒன்றா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் தாமதமானால் அரசின் பப்ளிக் புரொக்யூர்மெண்ட் ரிவ்யூ சர்வீஸில் புகார் செய்யலாம், செலவில்லை, பெயர் வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்கலாம். ஆனாலும் முதல் மூன்று மாதச் சம்பளத்துக்கு உங்கள் கையில் பணம் இருக்க வேண்டும். டூபியில் வந்த ஆட்களுக்கு முதல் மாதக் கடைசியில் சம்பளம் கொடுத்தாக வேண்டும், கவுன்சிலின் முதல் செக் இரண்டாம் மாதக் கடைசியில்தான் வரும்.

உங்கள் பகுதி எது, இப்போது வருட வருமானம் எவ்வளவு என்று எழுதுங்கள், எந்த அளவு காண்ட்ராக்ட் வரை போகலாம் என்று குறிப்பாகச் சொல்ல முடியும்.